எம்.எஸ். படிக்க ஜெர்மனியா, பிரிட்டனா, அமெரிக்காவா? கடனையும் சேர்த்து ஓர் ஒப்பீடு

"கையில் மூன்று அட்மிட் இருக்கிறது, எதை எடுக்கட்டும்?" ஆண்டின் முதல் பாதியில் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இதுதான். கேட்பவர்களில் பலர் தமிழ்நாட்டில் பொறியியல் முடித்தவர்கள், வீட்டிலிருந்து முதல் ஆளாக வெளிநாடு போகிறவர்கள். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகப்போகிறது. அவர்கள் அனுப்பும் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் தரவரிசை இருக்கும், கட்டணம் இருக்கும், சீனியர்கள் சொன்ன சம்பளமும் இருக்கும். படிப்பு முடிந்து ஓராண்டு வேலையே கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு மட்டும் இருக்காது.

நான் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். எல்லாம் நல்லபடியாக நடந்தால் இந்த மூன்று நாடுகளுமே நல்ல தேர்வுதான். நினைத்தபடி நடக்காத ஆண்டில் எந்த நாடு எவ்வளவு அவகாசம் தருகிறது, எவ்வளவு கடனோடு நம்மை ஊருக்கு அனுப்புகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

## எவற்றை வைத்துப் பார்ப்பது

மொத்தச் செலவு. கல்விக் கட்டணம் இதில் ஒரு பகுதி மட்டுமே. விசா, மருத்துவக் காப்பீடு, வீட்டு முன்பணம், படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களின் சாப்பாடு, வாடகை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ரூபாய் சரிவதும் ஒரு செலவுதான். 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ, அந்த ஆண்டு முடிவதற்குள் 100ஐத் தாண்டிவிட்டது. அதே ஊர், அதே படிப்பு. செலவு மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. கடனை ரூபாயில் வாங்கிக் கட்டணத்தை வேறு நாணயத்தில் கட்டுகிறவர்கள் இதற்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் திட்டமிட வேண்டும்.

படிப்புக்குப் பிறகு கிடைக்கும் காலம். வேலை தேட எத்தனை மாதம் தருகிறார்கள், அது முடிந்தபின் தொடர்ந்து தங்க எவ்வளவு சம்பளம் வாங்க வேண்டும் என்று இரண்டு கேள்விகள் இதில் உண்டு. முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

மொழியும் அன்றாட வாழ்க்கையும். வீடு கிடைக்குமா, பார்ட் டைம் வேலையால் படிப்பு கெடுமா, வீட்டில் அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் வந்து சேரலாம் என்பதெல்லாம் இதில் வரும்.

திரும்பி வர நேர்ந்தால். இதை மட்டும் எண்களோடு சொல்கிறேன். 11 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்று வைத்தால், 15 லட்சம் கடனுக்கு மாத ஈஎம்ஐ ஏறக்குறைய 20,700 ரூபாய். 30 லட்சத்துக்கு 41,300. 50 லட்சத்துக்கு 68,900. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 30 லட்சத்தையும் முதலிலேயே எடுத்தால் ஆண்டுக்கு 3.3 லட்சம் வட்டி ஏறும். சென்னையிலோ பெங்களூருவிலோ மாதம் 60,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால் இந்த மூன்று தவணைகளில் எதைத் தாங்க முடியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து தவணை கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நிலைமைக்குப் போகாமல் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | ஜெர்மனி | பிரிட்டன் | அமெரிக்கா |
|---|---|---|---|
| படிப்புக் காலம் | 2 ஆண்டு. பலருக்கு இரண்டரை, மூன்று ஆகிறது | 1 ஆண்டு | ஒன்றரை முதல் 2 ஆண்டு |
| கல்விக் கட்டணம் | பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை | உண்டு, அதிகம் | உண்டு, மிக அதிகம் |
| மொத்தச் செலவு, தோராயமாக | 25–30 லட்சம் | 30–45 லட்சம் | 45–75 லட்சம் |
| படிக்கும்போது வேலை | ஆண்டுக்கு 140 முழு நாள் | வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் | வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் |
| வேலை தேடும் காலம் | 18 மாதம் | 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம் | 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்கு 36 மாதம் வரை |
| அடுத்த கட்டம் (வேலை விசா) | ப்ளூ கார்டு | ஸ்கில்டு வொர்க்கர் விசா | எச்-1பி |
| பெரிய தடை | மொழி | சம்பள வரம்பு | கடன் அளவு, விசா நிச்சயமின்மை |

மொத்தச் செலவில் பார்ட் டைம் வருமானத்தைக் கழிக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். வருமானம் வந்தால் நல்லது, வராவிட்டாலும் படிப்பை முடிக்க முடிய வேண்டும்.

## ஜெர்மனி

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பது முக்கால்வாசி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒருமுறை நூறு முதல் முந்நூற்றைம்பது யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பேருந்து, ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் வைத்திருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு கதை. "ஜெர்மனி" என்ற பெயரை மட்டும் நம்பித் தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்வதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. செலவு குறைவு என்பதுதானே அந்த நாட்டுக்குப் போவதன் முதல் நன்மை.

பணம் தேவைப்படுவது வாழ்க்கைச் செலவுக்கு. விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும்; அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். மியூனிக்கில் அந்தத் தொகை இழுபறிதான். கெம்னிட்ஸ், மக்டபர்க் போன்ற கிழக்கு ஊர்களில் அதற்குள் வாழ்ந்து மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு கட்டாயம். முப்பது வயதுக்குள் இருந்தால் மாணவர் விகிதத்தில் மாதம் 140 யூரோவை ஒட்டி வரும். முப்பதைத் தாண்டினால் அந்த விகிதம் கிடைக்காது. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் இங்கே கறாராக இருப்பார்கள். நம் சிஜிபிஏவை ஒரு சூத்திரத்தின்படி அவர்களுடைய அளவுக்கு மாற்றுவார்கள். அதில் எண் குறையக் குறைய நல்லது. பத்துக்கு ஐந்து தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் நம்முடைய 7.5 அங்கே 2.5 ஆகும். நிறையப் படிப்புகள் 2.5ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன. 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் (நம் பட்டத்தையும் மதிப்பெண்ணையும் சரிபார்த்துத் தருவது) இல்லாமல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது காலம். இரண்டாண்டுப் படிப்பு பலருக்கு இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகிறது. வாரம் 20 மணி நேரம் வெர்க்ஸ்டுடென்ட் வேலை (படித்துக்கொண்டே ஒரு நிறுவனத்தில் பார்க்கும் பகுதிநேர வேலை), ஜெர்மன் வகுப்பு, ஒரு நிறுவனத்தில் தீசிஸ் என்று எல்லாம் சேர்ந்து இழுத்துவிடும். அந்த இழுப்பு வீணாகாது. வெர்க்ஸ்டுடென்ட்டாக இருந்த நிறுவனத்திலேயே பலர் வேலைக்குச் சேருகிறார்கள். ஆனால் பிளாக்டு அக்கவுண்டின் அளவு இரண்டாண்டுக் கணக்கோடு நிற்காது என்று வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, தேர்வு. நம்மூரில் அரியர் வைத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதி எடுத்துவிடலாம் என்ற பழக்கத்தோடு போகிறோம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியதுதான்; பல நேரங்களில் அதே துறையை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது.

மொழிக்கு வருவோம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வீடு பார்க்கப் போனால், முகவரிப் பதிவுக்குப் போனால், மருத்துவரிடம் போனால், முக்கியமாக நேர்முகத் தேர்வுக்குப் போனால் ஜெர்மன் வேண்டும். மென்பொருள் துறையில், அதுவும் பெர்லினில், ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், சிவில் என்றால் பி2 அளவு ஜெர்மன் (ஏ1 தொடக்க நிலை, பி1 நடு நிலை, பி2 அதற்கு மேல்) இல்லாமல் கதவு திறப்பது கடினம். ஆட்டோமொபைல் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். போக்ஸ்வாகன் 2030க்குள் ஜெர்மனியில் 35,000 பணியிடங்களைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. அந்தத் துறை இறுக்கமாக இருக்கும் காலம் இது. மொழி தெரியாதவருக்கு இறுக்கம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

இவ்வளவு சொன்னபிறகும் நடுத்தரக் குடும்பத்துப் பொறியியல் மாணவருக்கு நான் முதலில் சொல்வது ஜெர்மனிதான். காரணம் கடன். முதலாண்டுப் பணத்தோடு போய், இரண்டாம் ஆண்டை வெர்க்ஸ்டுடென்ட் சம்பளத்தில் ஓட்டியவர்களின் கடன் 15 லட்சத்தைத் தாண்டுவதில்லை. 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 13.90 யூரோ. வேலை கிடைத்துவிட்டால் அதன் பிறகு பாதையும் தெளிவாக இருக்கிறது: ப்ளூ கார்டில் இருப்பவர் பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். இவ்வளவு குறுகிய காலத்தைச் சொல்லும் விதி மற்ற இரண்டு நாடுகளிலும் நமக்கு இல்லை.

## பிரிட்டன்

ஓராண்டில் முதுநிலைப் பட்டம் என்பதுதான் இங்கே ஈர்ப்பு. அதுதான் சிக்கலும். செப்டம்பரில் போய் இறங்குகிறோம். பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை எடுக்கும் கிராஜுவேட் ஸ்கீம் அறிவிப்புகளும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். அறை கிடைக்காமல், வங்கிக் கணக்கு திறக்காமல், முதல் அசைன்மென்ட்டை எழுதத் தெரியாமல் திணறும் அந்த வாரங்களிலேயே வேலைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படிப்பை முடித்துவிட்டுத் தேடலாம் என்று இருந்தவர்கள் ஒரு முழுச் சுற்றைத் தவறவிடுகிறார்கள்.

கட்டணம் பல்கலைக்கழகத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 15,000 முதல் 30,000 பவுண்ட் வரை. அதோடு நிற்காது. மாணவர்களுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். விசா படிப்பைத் தாண்டியும் சில மாதம் போவதால் ஓராண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண்ட் கட்டுகிறோம். படிப்பு முடிந்து வேலை தேடத் தங்குவதற்கான கிராஜுவேட் ரூட் விசா எடுக்கும்போது 2025 கட்டணப்படி 880 பவுண்ட், அதோடு மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 1,035. இரண்டாண்டுக்கு எடுத்தால் மூவாயிரம் பவுண்டை நெருங்கும். இந்தத் தொகை தேவைப்படுவது கைப்பணமெல்லாம் கரைந்திருக்கும் நேரத்தில். இன்னொரு சின்ன விஷயம்: முழுநேர மாணவராக இருக்கும்வரை கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கிடையாது. படிப்பு முடிந்ததும் அந்த விலக்கு போய்விடும். அதே வீட்டுக்கு வரி வர ஆரம்பிக்கும்.

வீட்டுக்காரர்கள் பிரிட்டனில் வசிக்கும் ஒருவரை ஜாமீனாகக் கேட்பார்கள். புதிதாகப் போகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் பலர் பல்கலைக்கழக விடுதியில் அதிக வாடகைக்கு இருக்கிறார்கள், இல்லை என்றால் ஒரு வீட்டில் அளவுக்கு மீறி ஆட்கள் சேர்ந்து தங்குகிறார்கள். வாரம் 20 மணி நேர எல்லை கண்டிப்பானது. கடையில், கிடங்கில், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை கிடைக்கும். இரவு ஷிப்ட் முடித்துக் காலை வகுப்புக்குப் போனால் என்ன படிப்பு ஏறும்? ஓராண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டர் கெட்டால் சரிசெய்ய அடுத்த செமஸ்டர் இருக்காது. கட்டணத்தை அங்கே போய்ச் சம்பாதித்துக் கட்டலாம் என்ற எண்ணத்தோடு யாரும் பிரிட்டனுக்குக் கிளம்ப வேண்டாம். அந்தக் கணக்கு ஒருபோதும் நேராகாது.

அடுத்த கட்டம் சம்பள வரம்பு. 2025 ஜூலையிலிருந்து ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்ட். புதிய பட்டதாரிகளுக்குச் சலுகையாக 33,400. லண்டனுக்கு வெளியே, தொழில்நுட்பம் அல்லாத துறைகளில், முதல் வேலையிலேயே அந்தச் சம்பளம் எளிதில் வராது. ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள நிறுவனமாகவும் அது இருக்க வேண்டும். திருமணமானவர்கள் கவனிக்க வேண்டியது: 2024 ஜனவரி முதல், வகுப்பு வழி முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது.

அப்படியென்றால் பிரிட்டன் யாருக்கு? மூன்று நான்கு ஆண்டு வேலை அனுபவமும் கையில் சேமிப்பும் இருந்து, ஒரு குறிப்பிட்ட துறைக்கு மாற ஒரு பட்டம் தேவைப்படுகிறவருக்குப் பொருந்தும். சட்டம், பொதுக் கொள்கை, வளர்ச்சி ஆய்வுகள் போன்றவற்றில் அங்குள்ள நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் இந்தியாவிலும் மதிக்கப்படுகிறது. ஓராண்டில் திரும்பி வந்து வேலையைத் தொடரலாம். குடும்பத் தொழிலுக்குத் திரும்பப் போகிறவருக்கும் சரிதான். இரண்டாண்டு பணி அனுபவம் இருந்தால் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு முயற்சி செய்யுங்கள். முழுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள், படித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரி முடித்த கையோடு, அனுபவம் இல்லாமல், முழுக்கக் கடனில் பிரிட்டன் போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

## அமெரிக்கா

2023–24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆண்டு சீனாவை முந்தி முதலிடத்துக்கு வந்தோம். ஈர்ப்புக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: சம்பளம். கணினி, மின்னணுத் துறைகளில் அங்கே முதல் வேலை கிடைத்துவிட்டால் 50 லட்சக் கடனை மூன்று நான்கு ஆண்டில் அடைத்துவிடலாம். வேறு எந்த நாட்டிலும் அந்த வேகம் இல்லை. ஆய்வகம், பேராசிரியர், படிப்பின் ஆழம் என்று பார்த்தாலும் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு ஈடில்லை.

ஆனால் "வேலை கிடைத்துவிட்டால்" என்ற ஒரு சொல்லில் 50 லட்சம் தொங்குகிறது. படிப்பு முடிந்ததும் ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் படிப்பென்றால் மேலும் 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா அந்தஸ்து போய்விடும். ஆக, 36 மாதம் என்பது தேடுவதற்கான காலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை இருந்தால்தான் அந்த 36 மாதம். ஜெர்மனியின் 18 மாதத்தில் இந்த நாள் கணக்கு இல்லை.

அப்புறம் எச்-1பி. ஆண்டுக்கு 85,000 இடம், அதில் 20,000 அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் நடக்கும் குலுக்கலிலும் 2026லிருந்து மாற்றம்: சம்பள நிலை உயர்ந்தவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. புதிதாகச் சேர்கிற பட்டதாரிகள் அடிநிலையில் இருப்பதால் அவர்களுடைய வாய்ப்பு சுருங்குகிறது. அதையும் தாண்டினால் கிரீன் கார்டு. ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டு நீளம். இதெல்லாம் 22 வயதில் பெரிதாகத் தெரியாது. 35 வயதில், குழந்தை பள்ளிக்குப் போகும்போது தெரியும்.

விசாவே முதல் தடையாக இருக்கலாம். 2025 மே கடைசியில் புதிய மாணவர் விசா நேர்காணல்களை நிறுத்தி, ஜூன் நடுவில்தான் திரும்பத் தொடங்கினார்கள். சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு நேர்காணலுக்கான ஸ்லாட் கிடைக்காமல் சேர்க்கையைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. வேலையை விட்டுவிட்டு ஸ்லாட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த மாதங்களின் சம்பளமும் போனது. விசா கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள்.

அன்றாடச் செலவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பல்கலைக்கழகங்கள் கேட்கும் மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் போகும். பல் சிகிச்சை பெரும்பாலும் அதில் அடங்காது, கிளம்பும் முன் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. அடுத்தது, சின்ன ஊர்ப் பல்கலைக்கழகங்களில் கார் இல்லாமல் மளிகைக்குக்கூடப் போக முடியாது. வளாகத்துக்குள் உணவகம், நூலகம் என்று வாரம் 20 மணி நேர வேலை கிடைக்கலாம். வெளியே கடையில் கையில் காசு வாங்கி வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் படிப்பே போகும். எல்லோரும் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், விலை கொடுப்பது நீங்கள்.

நான் அமெரிக்காவைத் தயங்காமல் பரிந்துரைப்பது இரண்டு பேருக்கு. ஒருவர், ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் உள்ளவர். அவர் எம்.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராகப் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம், பி.இ. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள், பெரும்பாலான அறிவியல், பொறியியல் துறைகளில் கட்டணமும் கிடையாது, மாதம் உதவித்தொகையும் உண்டு. இது நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரியவே தெரியாது. மற்றவர், முன்னணிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர், கூடவே மூன்றாண்டு வேலை அனுபவம் உள்ளவர், வீட்டில் கடனைத் தாங்கும் இன்னொரு வருமானமும் இருப்பவர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

## கனடா, ஆஸ்திரேலியா

கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. 2025 செப்டம்பரிலிருந்து கட்டணம் போகக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 22,895 கனடிய டாலர். நல்ல பக்கம், இரண்டாண்டுக்குக் குறைவான முதுநிலைப் படிப்புக்கும் மூன்றாண்டு வேலை அனுமதி கிடைக்கிறது. ஆனால் நிரந்தரக் குடியிருப்புப் (பிஆர்) புள்ளிகளில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். பழைய "கனடா போனால் பிஆர்" என்ற பேச்சை வைத்து இன்று முடிவெடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசா கட்டணம் மட்டுமே 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், விசா மறுத்தால் அது திரும்பி வராது. இரண்டிலும் செலவு பிரிட்டனை ஒட்டியே வரும். அங்கே நெருங்கிய உறவினர் இருந்து தங்குமிடம் உறுதியானால் கணக்கு மாறும்.

## இங்கேயே இருப்பது

இதையும் ஒரு தேர்வாகவே வையுங்கள். கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐடியிலோ என்ஐடியிலோ எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் போவது. அனுபவம் இருந்தால் அங்கே முதல் வேலை கிடைப்பது எளிது. கடன் குறையும். உண்மையிலேயே படிக்க ஆசையா, ஊரைவிட்டுப் போக ஆசையா என்பதும் அதற்குள் தெளிவாகிவிடும். இரண்டாவது ஆசையில் தவறில்லை, ஆனால் அதற்கு 50 லட்சக் கடன் வேண்டியதில்லை.

## வீட்டில் பேச வேண்டியவை

நம் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது பணத்தைவிடத் தனிமையைப் பற்றித்தான். டிசம்பரில் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் பலர் தூங்கியே கழிக்கிறார்கள், வகுப்புக்குப் போவதில்லை, வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை இலவசமாக உண்டு. அதைப் பயன்படுத்துவது பலவீனம் இல்லை என்று கிளம்பும் முன்பே பெற்றோர் வாயால் சொல்லி அனுப்பினால் அதற்குத் தனி பலம்.

தூரமும் ஒரு கணக்கு. சென்னையிலிருந்து லண்டனுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு மாறித்தான் போக வேண்டும், நேர வித்தியாசம் கிழக்குக் கரைக்கே ஒன்பதரை முதல் பத்தரை மணி. உடல்நிலை சரியில்லாத பெற்றோருக்கு ஒரே பிள்ளை என்றால் இது தரவரிசையைவிடப் பெரிய விஷயம்.

## கன்சல்டன்சியும் வங்கியும்

பிரிட்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. கட்டணம் வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களிலிருந்து அப்படி எதுவும் கிடைக்காது. "உங்கள் மதிப்பெண்ணுக்குப் பிரிட்டன்தான் சரி" என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். நேர்மையான ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

அரசு வங்கியில் அடமானக் கடனுக்கு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று வாரக்கணக்கில் ஆகும். விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். நேரமாகிவிட்டதே என்று அடமானமில்லாமல் தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கினால் வட்டி கூடும், படிக்கும்போதே வட்டியின் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். சொந்தப் பணத்தை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பினால் டிசிஎஸ் (அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்புவதற்குப் பிடிப்பதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தைக் கடனுக்கு முன்பாகவே பாருங்கள்.

அடுத்த ஆண்டு போவதாக இருந்தால் வேலையை இந்த வரிசையில் தொடங்கலாம். வீட்டுப் பத்திரங்களை இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஜெர்மனி என்றால் ஏபிஎஸ் விண்ணப்பமும் ஏ1 வகுப்பும் இந்த மாதமே. அக்டோபர் சேர்க்கைக்குப் பல படிப்புகள் ஜூலை 15இல் கதவை மூடிவிடும், சில அதற்கு முன்பே. பிரிட்டன் என்றால் காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான். அமெரிக்கா என்றால் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்த அன்றே ஸ்லாட் தேட ஆரம்பியுங்கள்.